காலையில் ஸ்ரார்ட் செய்ததும் வரும் புகை: பணம் செலவழிக்க முன் பார்க்கவேண்டியவை

ஊர் திரும்பிய பல குடும்பங்களிடம் காணிக்கு அடுத்தபடியாக இருக்கும் பெறுமதியான பொருள் ஓர் இயந்திரம்தான். அது ஒரு மோட்டார் சைக்கிளாக இருக்கலாம், இரு சக்கர உழவு இயந்திரமாக இருக்கலாம், தோட்டத்துக்கு நீரிறைக்கும் சின்னப் பம்பாகவும் இருக்கலாம். சில, ஒவ்வொரு இடப்பெயர்விலும் கூடவே வந்தவை. சில, உறவினர் வளவில் மாதக்கணக்காக மழையிலும் வெயிலிலும் நின்றவை. இன்னும் சில, கைவிட்டு வந்து பின்னர் பதிவுப் புத்தகத்தைக் காட்டித் திரும்பப் பெற்றவை.

இவற்றைக் காலையில் ஸ்ரார்ட் செய்யும்போது சைலன்சரால் புகை வருகின்றது. பார்க்கிறவர் ஒருவர் "எஞ்சின் முடிஞ்சுது, ஓவர்ஹோல்தான் செய்யவேணும்" என்கின்றார். காலபோக உழவுக்கு இரண்டு கிழமைதான் இருக்கின்றது. நகை அடகுக்குப் போகின்றது. எங்கள் களப் பணியாளர்கள் வீடு வீடாகச் செல்லும்போது அடிக்கடி கேட்கும் கதை இது. அந்த ஓவர்ஹோல் சில வேளைகளில் உண்மையாகவே தேவைப்படுகின்றது. பல வேளைகளில் ஒரு பில்ரரைக் கழுவினாலே போதுமாக இருக்கின்றது.

புகை ஓர் அடையாளம் மட்டுமே. அதன் நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எவ்வளவு நேரம் வருகின்றது, என்ன மணம், எஞ்சினுக்குள் எது குறைந்துகொண்டு போகின்றது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இதற்கு மெக்கானிக் தேவையில்லை, நீங்களே பார்க்கலாம். இக்கட்டுரையை எழுதுபவரும் மெக்கானிக் அல்லர். கலைப்பிரிவில் படித்தவர். தெரிந்தவர்களிடம் கேட்டு, எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவற்றையே இங்கு எழுதுகின்றார்.

இயந்திரத்தை எங்கே வைத்து ஸ்ரார்ட் செய்வது

நிறமுள்ள புகையைக் கண்டால் நாம் விலகி நிற்போம். ஆனால் எல்லாப் புகையிலும் நிறமும் மணமும் இல்லாத ஒரு வாயு இருக்கின்றது: காபனோரொட்சைட்டு. பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் எஞ்சின்களில் இது மிக அதிகம். மழைக்கு ஒதுக்குப்புறமாகத் தற்காலிக வீட்டின் தகரச் சுவரோடு, அல்லது தறப்பாள் கொட்டிலுக்குள் வைத்து எஞ்சினைச் சூடாக்குவது ஆபத்தானது. உள்ளே பிள்ளைகள் நித்திரையாக இருந்தால் அவர்கள் எழும்பாமலே மயங்கிப் போகலாம். தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், கால் சோர்வு என்பன முதல் அறிகுறிகள். எனவே வாகனத்தை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து, காற்று வீட்டுப்பக்கம் அடிக்காத இடத்தில் வைத்து ஸ்ரார்ட் செய்யுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து கிணற்றில் இருக்கின்றது. திரும்பி வந்தவுடன் எல்லோரும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று கிணறு இறைத்துத் துப்புரவாக்குவது. தரையில் வைத்த பம்ப் சுமார் 7 மீற்றருக்குக் கீழே உள்ள நீரை உறிஞ்சுவதில்லை. அதனால் பம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, உள்ளே வைத்து ஸ்ரார்ட் செய்கின்றார்கள். புகை கிணற்றுக்குள் தேங்குகின்றது. ஓடாமல் நின்றதைப் பார்க்க ஒருவர் இறங்குகின்றார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகின்றார். இப்படி இரண்டு மூன்று பேர் ஒரே கிணற்றில் இறந்த சம்பவங்கள் நம் நாட்டில் பல தடவை நடந்துள்ளன. எஞ்சின் பொருத்திய பம்பை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். ஆழமான கிணறென்றால் வாளியால் இறையுங்கள், அல்லது மின்சாரம் உள்ள இடத்தில் நீரில் மூழ்கும் மின் பம்பைப் பாவியுங்கள். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், மேலே நிற்பவர் பின்னால் இறங்காமல் உதவிக்கு ஆட்களையும் அம்புலன்ஸையும் அழைக்கவேண்டும். இது கேட்பதற்குக் கடினமாக இருக்கும். ஆனால் பின்னால் இறங்கியவர்தான் இரண்டாவதாக இறக்கின்றார்.

நீண்ட நாள் நின்ற வாகனம்

பல மாதம் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் உதைக்கவோ, சுழற்றவோ கூடாது. முதலில் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கின்றது. அது மழைத் தண்ணீராகவோ வெள்ளத் தண்ணீராகவோ இருக்கலாம். அந்த ஒயிலுடன் ஸ்ரார்ட் செய்தால், நல்ல எஞ்சினையும் நாமே பழுதாக்கிவிடுவோம். ஒயிலை முழுக்க வடித்து, மலிவான புது ஒயில் விட்டுச் சில நிமிடம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டுப் பின்னர் நல்ல ஒயில் விடுவதே வழக்கம்.

மோட்டார் சைக்கிள் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக உதையுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீரோ ஒயிலோ நின்றால் அந்தத் துவாரத்தால் வெளியே வரும். பிளக்கைக் கழற்றாமல் பலமாக உதைத்தால், அமுக்க முடியாத திரவத்தில் பிஸ்டன் மோதிக் கொன்றொட் வளைந்துவிடலாம். உழவு இயந்திரத்தில் கொம்பிரஷனை விடுவிக்கும் சின்ன நெம்பு ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் நல்லது.

டீசல் தாங்கியின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். கொஞ்சம் வடித்து ஒரு கண்ணாடிப் போத்தலில் விட்டுப் பார்த்தால் இரண்டும் பிரிந்து தெரியும். பழைய பெற்றோல் வார்னிஷ் போல மணக்கும். அதை ஊற்றிவிடுங்கள், ஆனால் கிணற்றடியில் அல்ல. சைலன்சர் வாயிலும் எயார் கிளீனர் குழாயிலும் குளவிக்கூடோ எலி வைத்த குப்பையோ இருக்கின்றதா என்று ஒரு கம்பியால் பாருங்கள். வன்னியில் இது சிரிப்புக்குரிய விடயமல்ல. குளவி மண் கட்டிய சைலன்சரால் எஞ்சின் மூச்சுமுட்டிக் கறுப்பாகக் கக்கும்.

இங்கே இன்னொரு விடயம். பாகம் தேவை என்பதற்காக, பற்றைக்குள்ளோ களப்புக்கரையிலோ கைவிடப்பட்டுக் கிடக்கும் வாகனங்களைத் தொட வேண்டாம். கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிப்படுத்தப்படாத இடத்தில் ஒரு காபரேற்றருக்காகக் கால் வைப்பது எந்தக் கணக்கிலும் இலாபமல்ல. கண்டால் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள்.

மூன்று காலை பாருங்கள்

ஒரு நாள் புகையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். எஞ்சின் இரவு முழுக்கக் குளிர்ந்த பின்னர், மூன்று நாள் காலையில் தொடர்ந்து பாருங்கள். ஸ்ரார்ட் செய்ய முன் ஒயில் மட்டத்தையும் றேடியேற்றர் அல்லது தண்ணீர்த் தொட்டி மட்டத்தையும் கொப்பியில் குறியுங்கள். ஸ்ரார்ட் செய்ததும் புகையின் நிறத்தையும் அது நிற்க எத்தனை நிமிடம் எடுத்தது என்பதையும் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைச் சந்தோஷமாகச் செய்வார்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளைக் குச்சியில் செருகி, சைலன்சர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு நிமிடம் பிடியுங்கள். தண்ணீர்த் துளிகள் பட்டு, காய்ந்ததும் அடையாளமின்றிப் போனால் அது வெறும் நீராவி. எண்ணெய்ப் பசை போல ஒட்டினால் ஒயில் எரிகின்றது. கரி படிந்தால் எரிபொருள் மிகை. மணத்தை அறிய முகத்தைக் கிட்டக் கொண்டுபோகத் தேவையில்லை. கையால் விசிறினாலே மூக்குக்கு வரும்.

வெள்ளைப் புகை

மார்கழி, தை மாதப் பனிக்காலையில் எந்த நல்ல வாகனமும் வெள்ளையாக ஆவி விடும். எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகின்றது. குளிர்ந்த சைலன்சரில் அது பனிப்புகார் போலத் தெரிகின்றது. சில நிமிடங்களில் மறைந்துவிடும், மணமும் இருக்காது. இதற்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.

எஞ்சின் சூடான பின்னும் வெள்ளை நிற்கவில்லை, றேடியேற்றரில் தண்ணீர் நாளுக்கு நாள் குறைகின்றது, வெளியே எங்கும் ஒழுக்கில்லை என்றால் ஹெட் கஸ்கற் போயிருக்கலாம், அல்லது ஹெட்டில் வெடிப்பு இருக்கலாம். கூலன்ற் கலந்த தண்ணீரென்றால் புகையில் இனிப்பான மணம் வரும். எஞ்சின் குளிராக இருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்ரார்ட் செய்து பாருங்கள். தண்ணீருக்குள் குமிழி தொடர்ந்து வந்தால் சந்தேகம் உறுதியாகின்றது. சூடான றேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறக்க வேண்டாம். இந்தப் பழுதை வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது. இன்று கஸ்கற்றோடு முடியும் வேலை, பத்து நாள் ஓடினால் ஹெட்டையும் வளைத்துவிடும்.

இரு சக்கர உழவு இயந்திரம் வைத்திருப்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். சிலவற்றில் றேடியேற்றர் இல்லை; எஞ்சினுக்கு மேலே திறந்த தண்ணீர்த் தொட்டி இருக்கும். அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகித்தான் எஞ்சினைக் குளிர்விக்கின்றது. ஆகவே உழும்போது அதில் தண்ணீர் குறைவது பழுதல்ல, ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் விடிய, குளிராக இருக்கும்போது ஸ்ரார்ட் செய்தவுடனேயே தொட்டியில் குமிழி வந்தால் அது பழுது.

டீசல் எஞ்சினில் இன்னொரு வெள்ளை இருக்கின்றது. சாம்பல் கலந்த வெள்ளை, கண்ணைக் கரிக்கும் பச்சை டீசல் மணம். டீசல் எரியாமலே வெளியே வருகின்றது என்று இதற்கு அர்த்தம். எஞ்சின் குளிர், டீசலில் தண்ணீர், ஹீற்றர் பிளக் வேலை செய்யாமை, நொசில் பழுது, கொம்பிரஷன் குறைவு என்று காரணங்கள் பல. இவற்றில் மலிவானதிலிருந்து தொடங்குங்கள்: தாங்கியை வடித்து, புது டீசல் விட்டு, பில்ரரை மாற்றுங்கள். அதன் பின்னும் சூடாகும் வரை வெள்ளையாக வந்து, சூடானதும் நின்றால், வேலைக்குக் கொண்டுபோகலாம்.

நீலப் புகை

நீலம் என்றால் ஒயில் எரிகின்றது. மக்கள் அதிகம் பயப்படும் நிறம் இதுதான். அதிகம் ஏமாறுவதும் இதில்தான்.

காலையில் ஸ்ரார்ட் செய்ததும் ஒரு முறை பொம்மென்று நீலமாக வந்து, ஓரிரு நிமிடத்தில் நின்று, பிறகு நாள் முழுக்க வராவிட்டால், அது பெரும்பாலும் வால்வ் சீல். இரவில் ஹெட்டுக்கு மேலே நிற்கும் ஒயில், தேய்ந்த சீலால் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்குகின்றது. விடிய அது எரிந்து முடிகின்றது. சீல் சின்ன இறப்பர் துண்டு. விலை குறைவு, வேலையும் ஓவர்ஹோலை விட எவ்வளவோ சிறியது. அவசரமும் இல்லை. ஒயில் மட்டத்தைப் பார்த்து விட்டுக்கொண்டு ஒரு போகம் முழுக்க ஓட்டலாம்.

சூடான பின்னும் நீலம், சுமை இழுக்கும்போதும் அக்சிலேற்றரைக் கூட்டும்போதும் இன்னும் நீலம், கிழமைக்குக் கிழமை ஒயில் குறைகின்றது, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அதனாலும் புகை தள்ளுகின்றது என்றால் றிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கின்றது. மோட்டார் சைக்கிளில் இதை உறுதிப்படுத்த ஒரு பழைய வழி உண்டு. பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி ஒயிலைச் சிலிண்டருக்குள் விட்டு, பிளக்கை மாட்டி, எரிபொருளை அடைத்துவிட்டு உதைத்துப் பார்ப்பது. முன்னர் காலுக்கு இலேசாக இருந்த உதை இப்போது பாரமாகினால் றிங் தேய்வு. வித்தியாசமே இல்லையென்றால் வால்வைப் பார்க்கவேண்டும். நல்ல மெக்கானிக் இதை உங்கள் முன்னால் செய்து காட்டத் தயங்கமாட்டார்.

இந்த இரண்டிலும் சேராத நீலமும் உண்டு. ஊருக்கு வரும்போது சாமான்களோடு மோட்டார் சைக்கிளை லொறியில் சரித்துப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருப்பீர்கள். ஒயில் சிலிண்டருக்குள்ளும் எயார் கிளீனருக்குள்ளும் போயிருக்கும். நிமிர்த்தி ஒரு நாள் விட்டு, மேலே சொன்னபடி பிளக்கைக் கழற்றி உதைத்து, எயார் கிளீனரைத் துடைத்தால் போதும். முதல் நாள் கொஞ்ச நேரம் ஊரே தெரியப் புகைக்கும்; பிறகு நின்றுவிடும். உழவு இயந்திரங்கள் பலவற்றில் எயார் கிளீனருக்குள் ஒயில் விடும் கிண்ணம் இருக்கின்றது. அதில் கோட்டுக்கு மேல் ஒயில் விட்டால் எஞ்சின் அதை உறிஞ்சி நீலமாகக் கக்கும். டீசல் எஞ்சின் அந்த ஒயிலையே எரிபொருளாக்கித் தானாக வேகமெடுக்கவும் கூடும். கூடுதலாக விட்டால் கூடுதல் பாதுகாப்பு என்பது இதில் பொருந்தாது.

பழைய டூ ஸ்ரோக் முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் பெற்றோலோடு ஒயிலைக் கலந்தே எரிப்பவை. அவற்றில் மெல்லிய நீலம் இயல்பு. பெரும்பாலானவற்றுக்கு 1 லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் ஒயில் போதும். கண்மதிப்பில் ஊற்றாமல் அளந்து ஊற்றினாலே பாதிப் புகை குறையும்.

கறுப்புப் புகை

கறுப்பு, எரிபொருள் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. மோட்டார் சைக்கிளில் சோக்கைத் திரும்பத் தள்ள மறந்தாலே கறுக்கும். கிரவல் வீதியின் செம்புழுதி எயார் பில்ரரை ஒரு மாதத்தில் அடைத்துவிடும். அதைத் தட்டித் துப்புரவாக்கிவிட்டு மீண்டும் பாருங்கள். டீசல் எஞ்சின் ஸ்ரார்ட் ஆகும்போது ஒரு கறுப்புப் பொட்டலம் விடுவது சாதாரணம். நிற்காமல் வந்தால் நொசிலைக் கழற்றிப் பரிசோதிக்கக் கொடுக்கவேண்டும். கறுப்புப் புகை என்பது சைலன்சரால் போகும் உங்கள் எரிபொருட் காசு. ஆனால் எஞ்சின் அன்றைக்கே நின்றுவிடாது.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள்

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் எரிபொருள் தடை இருந்த வருடங்களில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஒரு மூடி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி ஸ்ரார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அன்று எல்லோருக்கும் கைவந்த வித்தை. அதை இகழ்வதற்கில்லை, எத்தனையோ நோயாளிகள் அப்படித்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அந்த எஞ்சின்கள் இன்று அதற்கான விலையைக் காட்டுகின்றன. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கின்றது. ஒயில் தண்ணீர் போலாகி றிங்கும் பெயரிங்கும் தேய்கின்றன. ஒயில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால், கம்பியில் மண்ணெண்ணெய் மணத்தால், அந்த ஒயிலை உடனே மாற்றுங்கள்.

அப்படி ஓடிய வாகனம் என்றால் தாங்கியையும் காபரேற்றரையும் கழுவி, பிளக்கைத் துப்புரவாக்கி, முழுப் பெற்றோலில் ஒரு கிழமை ஓட்டிய பின்னரே புகையைப் பற்றி முடிவெடுங்கள். போத்தலில் விற்கும் பெற்றோலில் இப்போதும் மண்ணெண்ணெய் கலந்திருக்கலாம். சாம்பல் நிறப் புகையும் கண் எரிச்சலும் அதைக் காட்டிக்கொடுக்கும். பெற்றோலைப் பீச்சி ஸ்ரார்ட் செய்யும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். காபரேற்றரால் ஒரு தடவை நெருப்பு திரும்ப அடித்தால், கையும் முகமும்தான் முன்னால் இருக்கின்றன.

கராஜுக்குப் போகும்போது

"புகைக்குது, பாருங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல், கொப்பியைக் கொண்டுபோங்கள். "அண்ணை, விடிய மட்டும் ரெண்டு நிமிசம் நீலமா வருது, சூடானால் இல்லை, மூண்டு நாளில ஒயில் குறையேல்லை" என்று சொல்பவரிடம் ஓவர்ஹோல் கதை எடுபடாது. எங்கள் ஊர்களில் மெக்கானிக்மாரில் பலர் நேர்மையானவர்கள். கருவிகளே இல்லாமல் வருடக்கணக்காக வேலை செய்தவர்கள். ஆனால் அவர்களுக்கும் சரியான தகவல் தேவை, சிலருக்குக் கேள்வி கேட்கும் வாடிக்கையாளரும் தேவை.

கழற்ற முன் என்ன பழுதென்று சந்தேகிக்கின்றார், அதை எப்படி உறுதிப்படுத்தினார் என்று கேளுங்கள். சிலிண்டரை றீபோர் செய்யவேண்டும் என்றால் தேய்வை அளந்து காட்டச் சொல்லுங்கள். தேய்வு குறைவென்றால் றிங் மாற்றுவதோடு நிறுத்தலாம். மாற்றிய பாகங்களின் பழையவற்றைத் திருப்பித் தரும்படி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். உழவு தொடங்கும் நேரமென்றால், தண்ணீர் குறையும் வெள்ளைப் புகைக்கு மட்டும் உடனே கைவையுங்கள். நீலத்தை ஒயில் விட்டுச் சமாளித்து, அறுவடைக்குப் பின் கையில் காசு வரும்போது செய்யலாம். கறுப்புக்கு முதலில் பில்ரர்.

மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வைத்திருப்போர், வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கப்படுவதால், அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே இந்த மூன்று காலைப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். உங்கள் வாகனத்துக்கு அது தேவையா என்பதைப் பிரதேச செயலகத்தின் அனுமதிப்பத்திரப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். போகும்போது பதிவுப் புத்தகத்தையும் தேசிய அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள்.